பதினோரு மூட்டைச் சாம்பல்

"எடுத்த விறகைத் திரும்ப வைக்கிறீங்களே, ஏன்க்கா?"

"அந்தத் தம்பி பாக்குதுடி."

"பாத்தா பாத்துட்டுப் போகட்டும்."

"பாத்துட்டுப் போனாப் பரவாயில்ல. எழுதிட்டுல்ல போகும். என்னை ஊதாரின்னு ஒரு ஆள் எழுதி, அது கப்பலேறிப் போகணுமா?"

கேட்டவள் இஸ்திரி மேசைக்காரி. பதில் சொன்னவள் கொதிகலன் அடுப்பைப் பதினெட்டு வருடமாகப் பார்த்துக்கொள்கிறவள். அவளுக்குக் கங்கு என்று பேர் வைத்தது யாரென்று யாருக்கும் நினைவில்லை. வீட்டில் புருஷனே அப்படித்தான் கூப்பிடுகிறார் என்று கேள்வி.

ஒன்பது பெண்கள் பங்கு போட்டு நடத்தும் சலவைக் கூடம் அது. பெரிய ஆஸ்பத்திரியின் படுக்கை விரிப்பு, போர்வை, ஆபரேஷன் அங்கி எல்லாம் அங்கேதான் வரும். ஆஸ்பத்திரித் துணியைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டே ஆகவேண்டும். அதற்காகக் கூடத்தின் பின்னால், தகரக் கூரையின் கீழ், ஓர் ஆள் உயரத்துக்கு ஒரு கொதிகலன். அதன் வாய்க்கு எதிரே கங்கு அக்காவின் முக்காலி. முக்காலிக்கு நாலடி தள்ளி, அன்று காலையிலிருந்து, ஒரு தொங்கு தராசும் அளவுத் தம்பியும்.

தம்பி என்று கூப்பிட்டாலும் முப்பத்தைந்து வயதிருக்கும். கழுத்தில் ஏதோ நிதியத்தின் அட்டை, கையில் டேப்லெட், முகத்தில் யாரையும் தொந்தரவு செய்துவிடக் கூடாதே என்ற பயம்.

"ஏழு நாள்க்கா. அடுப்புக்குள்ள போற ஒவ்வொரு கட்டையையும் எடை போட்டுக் குறிச்சுக்குவேன். நீங்க எப்பவும் போல வேலை பாருங்க. நான் இங்க இல்லவே இல்லைன்னு நினைச்சுக்குங்க."

"தராசைத் தூக்கிட்டு மூக்குக்கு நேரா நிக்கிறீங்க. இல்லைன்னு எப்படி நினைக்கிறது?" என்றாள் இஸ்திரிக்காரி. "ஆமா, அது என்ன நிதியம்? எங்க மேல அவங்களுக்கு என்ன திடீர்ப் பாசம்?"

"பாசம் இல்லக்கா. பணக்கார நாடுங்க சேர்ந்து போட்ட காசு. நூறு வருஷத்துக்கு மேல அவங்க விட்ட புகையிலதான் வெயிலும் மழையும் இப்படித் தறிகெட்டுப் போச்சு. அதனால நம்மள மாதிரி நாடுங்க புகையில்லாத வழிக்கு மாற அவங்க குடுக்கணும்னு ஒப்பந்தம்."

"அப்ப உதவின்னு சொல்லாதீங்க. வீட்டைக் கொளுத்துன ஆளு வாளியோட வந்து நிக்கிறாருன்னு சொல்லுங்க."

"வாளியாவது கொண்டு வந்தாங்களே," என்றாள் தலைவி. "வாயை மூடிக்கிட்டு வாங்கிக்கலாம்."

தலைவி கங்கு அக்காவின் நாத்தனார். கூடத்தின் பொறுப்பு அவளுடையது. நிதியத்துக்கு விண்ணப்பம் எழுதிப் போட்டதும் அவள்தான். கிடைத்தால் மாடி முழுக்கச் சூரியத் தகடு, பெரிய வெந்நீர்த் தொட்டி, மிச்சச் சூட்டுக்கு மின்சாரத்தில் ஓடும் இயந்திரம். அடுப்பே வேண்டாம். அவள் இதற்குத் தலைகீழாக நின்றதற்கு ஒரு காரணம் இருந்தது. அந்தக் காரணம் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை முக்காலியில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தது.

"டாக்டர் என்ன சொன்னாரு அண்ணி?"

"எத்தனை தடவை கேப்ப? புகையில உக்காராதன்னாரு."

"எப்போலேர்ந்து?"

"நேத்திலேர்ந்து."

"நான் மாசக் கடைசி வரைக்கும் பொறுத்துக்கறேன். அதுக்கு மேல ஒரு நாள் கூட இந்த முக்காலியில உங்களைப் பாக்கக் கூடாது. அண்ணன்கிட்ட வாக்குக் குடுத்துட்டேன்."

"முக்காலியை விட்டா எங்க போவேன்? இஸ்திரி போட மணிக்கட்டு வளையாது. கொடியில துணி போட உயரம் பத்தாது. வீட்டுல உக்காந்து செவுத்தை எண்ணவா? ஒரு செவுரு, ரெண்டு செவுரு, மூணு செவுருன்னு?"

"அதுக்குத்தான் இந்த நிதியம் வரணுங்கறேன். அடுப்பு போச்சுன்னா புகை போச்சு. நீங்க இங்கயே இருக்கலாம்."

"வரும், வரும். நான் வர வைக்கிறேன் பாரு."

அவள் அப்படிச் சொன்னபோது தலைவி சந்தேகப்பட்டிருக்க வேண்டும். ஆனால் ஆஸ்பத்திரிக்கும் கூடத்துக்கும் துணிவண்டியோடு அலைகிறவளுக்கு அடுப்பங்கரையில் நடப்பது எங்கே தெரியப் போகிறது?

கங்கு அக்காவின் கணக்கு சுலபமானது. ஓர் ஆள் தராசோடு வந்து நிற்கிறான் என்றால் அது பரீட்சை. பரீட்சையில் குறைவாக எரிக்கிறவள்தான் கெட்டிக்காரி. கெட்டிக்காரிகளுக்குத்தான் காசு கொடுப்பார்கள்.

முதல் நாள் எடுத்த கட்டைகளைத் திரும்ப வைத்ததோடு சரி. இருநூற்றுத் தொண்ணூறு கிலோ. இரண்டாம் நாள் தடிக் கட்டைகளை எல்லாம் விரல் தடிமனுக்குப் பிளந்து வெயிலில் காயப் போட்டாள், இருநூற்று நாற்பது. அன்று சாயங்காலம் தம்பி கிளம்பிய பிறகு இஸ்திரிக்காரியைக் கூப்பிட்டாள்.

"சோப்புத் தண்ணி வந்த காலி டிரம்மு எத்தனைடி கிடக்கு?"

"எட்டு இருக்கும். எதுக்கு?"

"கஞ்சி எடுத்துட்டு வா. துணிக்குப் போடுற கஞ்சி."

புகைபோக்கியில் சுரண்டிய கரியைக் கஞ்சியில் குழைத்து, எட்டு டிரம்மையும் கறுப்பாகப் பூசி, மாடியில் வரிசையாக நிறுத்தித் தண்ணீர் ரொப்பினார்கள். மறுநாள் உச்சி வெயிலில் இஸ்திரிக்காரி ஒன்றில் கையை விட்டுவிட்டு அலறினாள்.

"ஐயோ அக்கா, சுடுது!"

"கத்தாதடி, தம்பி கீழ இருக்கு. அந்தக் குழாயைக் கொதிகலன்ல விடு."

துணி கொதிக்க வைக்கிற நேரத்தைக் காலையிலிருந்து மதியத்துக்கு மாற்றினாள். அடுப்புக் கதவை ஒருக்களித்து வைத்தாள், காற்றை அளந்து விட்டாள். நூற்றுத் தொண்ணூறு. நூற்று எழுபது. நூற்று அறுபது. தம்பி மாடிக்குப் போக எழுந்தால், "மேல என்ன தம்பி, வெறும் வெயிலு. நிழல்ல உக்காந்து டீயைக் குடிங்க" என்று உட்கார வைத்துவிடுவாள். அவன் வேலை அடுப்பு வாயில், அவனும் உட்கார்ந்துவிடுவான்.

ஆறாம் நாள் நூற்று நாற்பத்தைந்து. ஏழாம் நாள் நூற்று முப்பத்தைந்து. கடைசிக் கட்டை தராசை விட்டு இறங்கியதும் கங்கு அக்கா முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"எப்படி தம்பி?"

"நல்லா ஒத்துழைச்சீங்கக்கா," என்றான் அவன். குரல் ஏனோ இறங்கியிருந்தது. "நாளைக்குக் காலையில வந்து கையெழுத்து வாங்கிக்கறேன்."

எட்டாம் நாள் காலை பத்து மணிக்கு எல்லோரும் மடிக்கும் மேசையைச் சுற்றி நின்றார்கள். தலைவி பேனாவைத் திறந்துகொண்டே கேட்டாள்.

"அளவு முடிஞ்சுருச்சுல்ல? இப்பவாவது சொல்லுங்க, எத்தனை கிலோ எரிச்சாத்தான் பட்டியல்ல சேப்பீங்க?"

"அளக்குறதுக்கு முன்னாடி சொல்லக் கூடாதுன்னு விதிம்மா. சொன்னா வேணும்னே கூட எரிச்சுக் காட்டுவாங்கன்னு பயம்." அவன் தொண்டையைச் செருமினான். "ஒரு நாளைக்குச் சராசரி முந்நூறு கிலோவுக்குக் குறையாம எரிக்கிற இடமா இருக்கணும். இவ்வளவு செலவு பண்ணித் தகடு மாட்டினா, அந்த அளவுக்குப் புகை குறையணும்ல?"

"நம்மளுது எவ்வளவு?"

"நூத்தித் தொண்ணூறு."

பேனா மேசையில் உருண்டு கீழே விழுந்தது. யாரும் குனியவில்லை.

"தராசு கெட்டுப் போச்சா?" என்றாள் தலைவி. "முந்நூறுக்கு மேல போகுமே! எனக்குத் தெரியாதா?"

ஏழு பேரும் கங்கு அக்காவைப் பார்த்தார்கள். தலைவியின் கண்ணும் அங்கே போய் நின்றது.

"அண்ணி. என்ன பண்ணீங்க?"

"நான் என்ன பண்ணேன்? சிக்கனமா எரிச்சேன்."

"எப்பவும் போல எரிக்கச் சொன்னாங்களா இல்லையா?"

"வீட்டுக்கு ஆளு வந்தா நீ எப்பவும் போலவா இருப்ப? அழுக்குத் துணியை மூலையில தள்ளி ஒரு போர்வையைப் போட்டு மூட மாட்ட? போன தடவை ஆஸ்பத்திரி அதிகாரி வந்தப்ப, பூட்டியே கிடந்த கக்கூஸைக் கூடக் கழுவி வெச்சவதானே நீ?"

"அது வேற!"

"எப்படி வேற?" கங்கு அக்காவின் குரல் பாதியில் உடைந்தது. இருமல் வந்து அதை மறைத்தது. "நல்லா செஞ்சுட்டோம்னு நினைச்சேன்டி. ராத்திரியெல்லாம் சிரிச்சுக்கிட்டே படுத்திருந்தேன்."

அதற்கு மேல் அவளைத் திட்ட யாருக்கும் மனம் வரவில்லை. மாசக் கடைசிக்கு இன்னும் ஒன்பது நாள். அது எல்லோருக்கும் தெரியும்.

"இன்னொரு தடவை ஏழு நாள் அளந்தா என்ன தம்பி?" என்றாள் இஸ்திரிக்காரி.

"இன்னைக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்குப் பட்டியலை மூடுறாங்க. அடுத்த பட்டியல் ரெண்டு வருஷம் கழிச்சுத்தான். முன்னாடி எவ்வளவு எரிச்சீங்கன்னு காட்ட ஏதாவது இருக்கா? விறகு எடை போட்ட சீட்டு மாதிரி?"

"விறகுக்காரர் எங்க எடை போடறாரு? வண்டியில கொண்டு வந்து கொட்டுவாரு. ஒரு நாள் வண்டி மலை மாதிரி இருக்கும், ஒரு நாள் பள்ளமா இருக்கும்," என்றாள் தலைவி.

அப்போதுதான் தெருவிலிருந்தே அந்தச் சத்தம் கேட்டது.

"ஏய் கங்கு! வெளிய வாடி! சூடத்துல அடிச்சு உண்மையைச் சொல்லு!"

செடி நாற்றங்கால் வைத்திருக்கும் அம்மாள். இரண்டு தெரு தள்ளி அவளுடைய தோட்டம். வாராவாரம் கொதிகலன் சாம்பலைத் தள்ளுவண்டியில் ஏற்றிப் போவாள். செடிக்குப் போட அதைவிட உசத்தி இல்லை என்பாள். அன்று காலையும் வந்து ஏற்றிக்கொண்டு போனவள், இப்போது வெறுங்கையோடு, மூச்சு வாங்க, வாசலில் நின்றாள்.

"காலையில அவசரத்துல எண்ணாம ஏத்திட்டேன். வீட்டுல போய்ப் பாத்தா அஞ்சு மூட்டை! வாராவாரம் பதினொண்ணு குடுக்குறவ, இந்த வாரம் அஞ்சு. மிச்சம் ஆறை எவளுக்கு வித்த?"

"யாருக்கும் விக்கல."

"பொய்! ரெண்டு வருஷமாப் பதினொண்ணு. ஒண்ணு கூடுனதில்ல, குறைஞ்சதில்ல. என் பூச்செடிங்க உனக்கு என்னடி பாவம் பண்ணுச்சு?"

"விறகே போடலைன்னா சாம்பல் எங்கேர்ந்து வரும்? நான் என்ன சாமியாரா, கையைத் தட்டுனா விபூதி கொட்ட?"

இஸ்திரிக்காரிக்கு அந்த நிலைமையிலும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் அளவுத் தம்பி சிரிக்கவில்லை. அவன் கையிலிருந்த டேப்லெட்டை மேசையில் வைத்துவிட்டு எழுந்து நின்றிருந்தான். ஏழு நாளில் அவன் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை.

"அம்மா! ஒரு நிமிஷம்! எத்தனை மூட்டைன்னு சொன்னீங்க?"

"நீ யாருப்பா நடுவுல?"

"சொல்லுங்கம்மா, எத்தனை?"

"இந்த வாரம் அஞ்சு. எப்பவும் பதினொண்ணு. சோப்புத்தூள் வர்ற பையி, வாய் வரைக்கும் ரொப்பிக் கட்டியிருப்பா."

"போன வார மூட்டை இருக்கா?"

"ரெண்டைப் பிரிச்சேன். ஒம்போது கட்டுனபடி கொட்டகையில இருக்கு. எதுக்கு?"

அவன் தராசைக் கொக்கியிலிருந்து கழற்றினான். "வாங்கக்கா, வாங்க! சாம்பலை எடை போடலாம்! இந்த வாரம் எத்தனை கிலோ விறகுக்கு எத்தனை கிலோ சாம்பல்னு என்கிட்ட இருக்கு. அதை வெச்சுப் போன வாரச் சாம்பலுக்கு எத்தனை கிலோ விறகு எரிஞ்சிருக்கும்னு கணக்குப் போட்டுடலாம்!"

ஒரு கணம் யாருக்கும் புரியவில்லை. முதலில் புரிந்தது கங்கு அக்காவுக்குத்தான். அவள் முக்காலிக்கடியில் விட்டிருந்த செருப்பைக் கூடப் போடாமல் வாசலில் இறங்கிவிட்டாள்.

ஒன்பது பெண்கள், ஒரு செடிக்கார அம்மாள், தராசைத் தோளில் தூக்கிய அளவுத் தம்பி எல்லோரும் வேகுவேகென்று தெருவில் போனால் யார்தான் பார்க்க மாட்டார்கள்? தையல் கடைக்காரர் எழுந்தே நின்றுவிட்டார்.

"என்னம்மா, எங்க சண்டை?"

"சண்டை இல்லண்ணே, சாம்பல்!"

"யாரு போயிட்டா?"

"வாயைக் கழுவுங்க! எல்லாரும் நல்லாத்தான் இருக்கோம்!"

கொட்டகை உத்தரத்தில் தராசைத் தொங்கவிட்டார்கள். தம்பி ஒவ்வொரு மூட்டைக்குள்ளும் கையை விட்டு ஈரம் இல்லையே என்று பார்த்தான். முதலில் இந்த வாரத்து ஐந்து மூட்டை. நாற்பது கிலோ. பிறகு போன வாரத்து ஒன்பது. ஒவ்வொன்றாக இஸ்திரிக்காரி மாட்ட, தலைவி எண்ணை உரக்கப் படிக்க, தம்பி தட்டிக்கொண்டே போனான்.

"ஒம்போதும் சேர்ந்து எழுபத்து மூணு. பதினொண்ணுக்கு எண்பத்தொம்போது. அப்படின்னா..." அவன் விரல் நின்றது. "ஒரு நாளைக்கு நானூத்தி இருபது கிலோவுக்கு மேல வருது!"

எழுந்த கூச்சலில் செடிக்கார அம்மாளின் தொட்டிகள் அதிர்ந்தன. இஸ்திரிக்காரி தலைவியைக் கட்டிக்கொண்டாள். தலைவி தம்பியைக் கட்டிக்கொள்ளப் போய்ச் சுதாரித்துத் தராசுச் சங்கிலியைக் கட்டிக்கொண்டாள்.

"இருங்க," என்றாள் கங்கு அக்கா.

அவள் கையில் பிரித்த மூட்டையிலிருந்து ஒரு பிடி சாம்பல். விரலால் நெருடிக்கொண்டிருந்தாள்.

"இது சரியில்ல தம்பி."

"என்னக்கா சரியில்ல?"

"போன வாரம் நான் தடிக் கட்டையை அப்படியே தள்ளுவேன். வேகாம பாதி கரியாவே நிக்கும். இதோ பாரு, கட்டி கட்டியா. இந்த வாரம் எல்லாம் பூப்போல வெந்துருச்சு. கரியையும் சேர்த்து எடை போட்டா கூடத்தான் காட்டும். சலிச்சு எடை போடு."

"அண்ணி!" தலைவி அவள் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். "ஏழு நாள் கெடுத்தது போதும். வாயை மூடுங்க. நானூறு வந்துருச்சு."

"வராததை வந்துருச்சுன்னு சொல்லச் சொல்றியா?"

"இது போச்சுன்னா நீங்க வீட்டுலதான். தெரியும்ல?"

"தெரியும்டி. எனக்குத் தெரியாதா?" கங்கு அக்கா கையை உதறிவிட்டுக்கொண்டாள். "அடுப்பைப் பத்தி எனக்குத் தெரியாததை ஒருத்தன் கண்டுபிடிச்சு, அவ ஏமாத்துனான்னு எழுதினா? அதை விட அந்தச் செவுத்தையே எண்ணிட்டுப் போறேன். சல்லடை இருக்காடி?"

மண் சலிக்கும் சல்லடை இருந்தது. செடிக்கார அம்மாள் அதை எடுத்து வரும்போது முணுமுணுத்தாள். "சாம்பல் சண்டைக்கு வந்த என்னைச் சல்லடை பிடிக்க வெச்சுட்டாளுங்க."

ஒன்பது மூட்டையையும் சலித்து முடிக்க மணி மூன்று ஆகிவிட்டது. எல்லோர் தலையும் நரைத்துக் கிழவிகளாகியிருந்தார்கள். கங்கு அக்காவை மட்டும் தலைவி காற்றுக்கு எதிர்ப்பக்கம், வேலியோரம் நிற்க வைத்துவிட்டாள். அவள் அங்கிருந்தே அதிகாரம் செய்தாள்.

"மெதுவாச் சலி! கரியைப் போட்டு நசுக்காத, அதுவும் சாம்பலாக் கீழ விழும்!"

கரி ஒரு பக்கம் குவியக் குவிய இஸ்திரிக்காரி அதையே திரும்பித் திரும்பிப் பார்த்தாள். இவ்வளவு கரியா? இந்த வாரத்து ஐந்து மூட்டை நாற்பதிலிருந்து முப்பத்தேழுக்குத்தான் இறங்கியது. போன வாரத்து ஒன்பதோ எழுபத்து மூன்றிலிருந்து ஐம்பதுக்கு வந்துவிட்டது.

"அம்பதுன்னா எவ்வளவு தம்பி? சொல்லுங்க தம்பி!"

"இருங்கக்கா, போட்டுக்கிட்டிருக்கேன்."

"அவரு போடட்டும்டி, மேல விழாத."

"நான் பாக்கலை. கண்ணை மூடிக்கிட்டேன். யாராவது பாத்துச் சொல்லுங்க."

தம்பி ஒருமுறை போட்டான். அழித்துவிட்டு இன்னொருமுறை போட்டான். வேலியோரம் பார்த்தான்.

"முந்நூத்திப் பதிமூணு."

"முந்நூறுக்கு மேலயா கீழயா?" என்று கத்தினாள் கண்ணை மூடியிருந்த இஸ்திரிக்காரி.

"மேலதான்டி மக்கு!"

அப்போது எழுந்த கூச்சலுக்குத் தையல் கடைக்காரர் இங்கேயே வந்துவிட்டார்.

ஆனால் கூச்சல் போட்டால் பட்டியலில் பேர் ஏறிவிடுமா? நிதிய அலுவலகத்து மேடம் ஒப்புக்கொள்ள வேண்டும். நாலு மணிக்குத் தம்பி போனை ஸ்பீக்கரில் போட்டு, கவிழ்த்த பூந்தொட்டி ஒன்றின் மேல் வைத்தான். விஷயத்தைச் சொல்லி, படங்களையும் எண்களையும் அனுப்பினான்.

"சாம்பலா?" என்றது மேடத்தின் குரல்.

"ஆமா மேடம்."

"தராசு கணக்கை விட்டுட்டு நான் சாம்பல் கணக்கை எடுத்துக்கணும்னா, ஏன் அளந்த வாரம் குறைஞ்சதுன்னு எனக்குத் தெரியணும். அடுப்பு பாக்குறவங்க அங்க இருக்காங்களா?"

எல்லோரும் விலகி வழிவிட்டார்கள். கங்கு அக்கா தொட்டிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தாள், போனுக்கு வணக்கமும் வைத்தாள்.

"நான்தான்ம்மா. எப்பவும் போல எரிக்கச் சொன்னாங்க. நான் எரிக்கல. தம்பி மேல தப்பு இல்ல."

"ஏன் எரிக்கல?"

"மானம்தான். அளக்குறாங்களேன்னு கட்டையைப் பிளந்து காய வெச்சேன். கதவை ஒருக்களிச்சேன். மாடியில எட்டு டிரம்முக்குக் கரி பூசி வெயில்ல தண்ணியைச் சுட வெச்சு, அதைத்தான் கொதிகலன்ல விட்டேன்."

"என்னது?" என்றார்கள் மேடமும் தம்பியும் ஒரே நேரத்தில்.

"மேல ஒண்ணுமில்ல, வெறும் வெயிலுன்னு சொன்னீங்களேக்கா!" தம்பிக்குத் தாங்கவில்லை.

"பொய்யா சொன்னேன்? வெயிலுதானே அங்க இருந்துச்சு?"

போனில் ஒரு சிரிப்புச் சத்தம். பிறகு மேடம் கேட்டாள். "நானூத்திச் சொச்சம்னு முதல்ல வந்த கணக்கு எப்படி முந்நூத்திப் பதிமூணாச்சு?"

"கரியைச் சலிச்சுப் போடணும்னு அவங்கதான் சொன்னாங்க மேடம்," என்றான் தம்பி. "நாங்க யாரும் கேக்கல. எனக்கே தோணல."

விசைப்பலகை தட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

"சரி. முந்நூத்திப் பதிமூணைப் போடறேன். காரணத்தையும் அப்படியே எழுதறேன். இன்னும் ஒரே ஒரு கேள்வி. படிவத்துல இருக்கு, கேட்டே ஆகணும். கொதிகலனை எடுத்துட்டா எத்தனை பேருக்கு வேலை போகும்?"

யாரும் அந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. கங்கு அக்கா தரையைப் பார்த்தாள். அடுப்பு போனால் புகை போகும் என்றுதான் இத்தனை நாளும் பேசினார்கள். அடுப்பு போனால் அடுப்புக்காரிக்கு என்ன வேலை என்று ஒருத்தியும் யோசித்திருக்கவில்லை.

"ஹலோ? எத்தனை பேர்?"

"ஒருத்தருக்கும் போகாது மேடம்!" என்றாள் தலைவி. குரல் கொஞ்சம் உயர்ந்தே வந்தது. "தகடு, தொட்டி, சூடு இதையெல்லாம் மேல நின்னு பாக்க ஓர் ஆள் வேணும்ல? எந்த நேரத்துல எந்தத் தண்ணியைத் திறக்கணும்னு சொல்ல? எங்க அண்ணி இருக்காங்க."

"அவங்களால முடியுமா? மாட்டுறவங்க வந்து பத்து நாள் சொல்லிக் குடுப்பாங்க."

"பத்து நாள் எதுக்கு?" என்றாள் இஸ்திரிக்காரி. "ஓட்டை டிரம்மை வெச்சே உங்க தராசைக் கவுத்தவங்க. நல்ல தகட்டைக் குடுத்துப் பாருங்க!"

"பதவின்னு ஒரு கட்டம் இருக்கு. என்ன போடட்டும்?"

ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். வெந்நீர் அதிகாரி. மாடி மேனேஜர். கங்கு அக்கா கையை ஆட்டி எல்லோரையும் அடக்கினாள்.

"சூடு பாக்குறவன்னு போடுங்கம்மா. அதைத்தான் எப்பவும் பாக்குறேன்."

நாலு ஐம்பத்திரண்டுக்குத் தம்பியின் டேப்லெட் டிங்கென்றது. பட்டியலில் பதினான்காவது பேராக அந்தச் சலவைக் கூடம். மாட்டி முடிக்க எட்டு மாதம்.

யார் யாரைக் கட்டிக்கொண்டார்கள் என்று சொல்ல முடியாது. எல்லோர் மேலும் சாம்பல். செடிக்கார அம்மாளும் நடுவில் நின்று கைதட்டிக்கொண்டிருந்தாள். திடீரென்று கை நின்றது.

"ஏய். அடுப்பு போச்சுன்னா எனக்குச் சாம்பல்?"

யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"அடிப்பாவிங்களா! என் சாம்பலுக்கு நானே சாட்சி சொல்லி, நானே சல்லடையும் பிடிச்சுக் குடுத்துட்டேனா!"

"எட்டு மாசம் இருக்குடி. அதுக்குள்ள சேத்து வெச்சுக்க."

"வாரத்துக்கு அஞ்சு மூட்டையா? என்னத்தைச் சேக்க?"

அந்த வாக்குவாதம் எங்கே முடிந்திருக்குமோ, தலைவி மணியைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஐயையோ! ஆறரைக்கு ஆஸ்பத்திரி வண்டி! துணி அப்படியே கிடக்கு!"

மறுபடியும் தெருவில் ஓட்டம். கூடத்தில் விரிப்புகள் மலையாகக் குவிந்திருந்தன. கங்கு அக்கா வழக்கம் போலப் பின்பக்கம் திரும்பினாள். தலைவி குறுக்கே வந்து நின்றாள்.

"எங்க?"

"அடுப்பு பத்த வைக்க வேணாமா?"

"நீங்க சூடு பாக்குறவங்க. உங்க இடம் மாடி. இன்னைலேர்ந்து."

"எட்டு மாசம் ஆகும்னாங்களேடி."

"தகடு வர எட்டு மாசம். நீங்க போக எதுக்கு எட்டு மாசம்? டிரம்மு இருக்குல்ல? எட்டு பத்தலைன்னா பதினாறு வைங்க. அடுப்பை நாங்க எட்டுப் பேர் முறை போட்டுக்கறோம், ஆளுக்குக் கால் மணி நேரம். அண்ணன்கிட்ட நான் சொல்லிக்கறேன்."

கங்கு அக்கா ஏதோ சொல்ல வந்தாள். இருமல் வந்தது. அது அடங்கியதும் படியேறினாள். அளவுத் தம்பி தன் வெப்பமானியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினான். இந்த முறை அவனை யாரும் டீ குடிக்க உட்கார வைக்கவில்லை.

காலையிலிருந்து தொடாத தண்ணீர். சாயங்கால வெயில் இன்னும் டிரம்முகளின் மேல் இருந்தது. அவன் வெப்பமானியை விட்டுப் பார்த்துவிட்டு அவளிடம் காட்டினான். அவள் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே எட்டிப் பார்த்தாள்.

"அம்பத்திரண்டு! பாதி வேலை முடிஞ்சுருச்சு! குழாயைத் திறக்குறேன், பிடிங்கடி!"

கீழே தலைவி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். நாலு குச்சி வீணான பிறகும் அடுப்பு பற்றவில்லை. கண்ணெல்லாம் தண்ணீர்.

"அண்ணி! எப்படித்தான் பத்த வெக்கிறது இதை?"

"கதவைத் திறக்காத! கொஞ்சமா வெச்சு ஊது! கொஞ்சமாடி, கொஞ்சமா!"